அடங்கலில் அவர் பெயரும் ஏற வேண்டும்

தமிழ்நாடு வருவாய்த் துறை, வேளாண்மைத் துறை உயர் அலுவலர்களுக்கு,

வணக்கம். 2026ஐப் பன்னாட்டுப் பெண் உழவர் ஆண்டாக ஐ.நா. அறிவித்திருக்கிறது. அதையொட்டி விழா நடத்துங்கள், மகிழ்ச்சி. அதோடு, எந்த நிலத்தில் என்ன பயிர் என்று கிராம நிர்வாக அலுவலர் எழுதும் பதிவேடான அடங்கலில், சாகுபடி செய்யும் பெண்ணின் பெயரையும் ஏற்றுங்கள் என்று கேட்கவே இந்த மடல்.

எங்கள் டெல்டாப் பக்கம் நாற்றுப் பறிப்பதும் அதை முடியாகக் கட்டுவதும் நடுவதும் களையெடுப்பதும் பெரும்பாலும் பெண்கள்தான். விரலிடுக்கில் சேற்றுப்புண் வந்தால் மஞ்சளைக் குழைத்துப் பூசிக்கொண்டு மறுநாளும் வயலில் இறங்குவார்கள். இதைக் கூலி வேலை என்றே பார்த்துப் பழகிவிட்டோம். விவசாயத்தையே நடத்துகிற பெண்கள் கண்ணுக்குத் தெரிவதில்லை.

என் பக்கத்து வீட்டு அக்காவின் கணவர் திருப்பூரில் பனியன் கம்பெனியில் வேலை பார்க்கிறார். ஒன்றரை ஏக்கரும் அக்கா பொறுப்பு. எந்த மடையை எப்போது திறப்பது, எந்த வயலில் புகையான் பூச்சி விழுந்திருக்கிறது, அறுவடை இயந்திரத்துக்கு யாரிடம் சொல்லிவைப்பது, எல்லாம் அவர்தான். பட்டா மட்டும் இறந்துபோன மாமனார் பேரில். அதனால் மத்திய அரசு உழவர்களுக்கு ஆண்டுக்குத் தரும் 6,000 ரூபாய் கிசான் நிதியும் இல்லை, கூட்டுறவுப் பயிர்க்கடனும் இல்லை. தாலிச் சங்கிலி அடகுக்குப் போய்த்தான் நடவு நடக்கிறது. மழையில் பயிர் மூழ்கியபோது கணக்கெடுக்க வந்தவர், "வீட்ல ஆம்பளை யாரும் இல்லையாம்மா?" என்று கேட்டுவிட்டுப் போனார். முட்டளவு தண்ணீரில் அழுகிய பயிரைக் கையில் பிடித்தபடி நின்ற அக்காவைத்தான் அப்படிக் கேட்டார்.

2015-16 வேளாண் கணக்கெடுப்பில், நாடு முழுவதும் சாகுபடி நிலம் வைத்திருப்போரில் பெண்கள் சுமார் 14 சதவீதம்தான். பூர்வீகச் சொத்தில் மகளுக்குச் சம பங்கு என்று தமிழ்நாடு 1989லேயே சட்டம் செய்தது. ஆனாலும் ஊரில் அக்கா தங்கைகளிடம், பங்கு வேண்டாம் என்று எழுதித் தரும் விடுதலைப் பத்திரத்தில் கையெழுத்து வாங்குவது இன்னும் நிற்கவில்லை. காந்தியவாதி கிருஷ்ணம்மாள் ஜெகந்நாதன் இதே கீழைத் தஞ்சையில் நிலமற்ற குடும்பங்களுக்கு நிலம் வாங்கிக் கொடுத்தபோது, பெண்கள் பெயரிலேயே பதிவு செய்தார். வழி தெரியாமல் இல்லை.

கிராம நிர்வாக அலுவலர் அடங்கல் எழுதும்போது வயலில் பாடுபடுபவரைக் கேட்டு எழுதட்டும். நில உரிமைக்கு இதனால் பங்கமில்லை என்று ஆணையில் தெளிவாகச் சொல்லிவிட்டால் உடைமையாளர்கள் பயப்பட மாட்டார்கள். அந்தப் பதிவைக் கடனுக்கும் காப்பீட்டுக்கும் வெள்ள நிவாரணத்துக்கும் சான்றாக ஏற்க வேண்டும். கணவர் சம்மதித்தால் மனைவி பெயரையும் கூட்டுப் பட்டாவில் சேர்க்க, பதிவுக் கட்டணத்தைத் தள்ளுபடி செய்யுங்கள்.

அப்புறம், இதற்கு முகாம் போடுவதானால் சாயங்காலம் போடுங்கள். நடவு நாளில் பகலில் போட்டால் வர வேண்டியவர்கள் வயலில் இருப்பார்கள்.

இப்படிக்கு,
டெல்டா கிராமத்துப் பெண் ஒருத்தி