பாடநூல் குழுவினருக்கு: அந்தச் சொற்பொருள் பெட்டியைப் பற்றி

மொழிப்பாட நூல்களை எழுதும் குழுவினருக்கு வணக்கம்.

நடுநிலை வகுப்புகளுக்குப் பல வருடங்களாக மொழிப்பாடம் நடத்துகிறேன். பாடம் முடிந்ததும் கட்டம் கட்டிக் கொடுக்கிறீர்களே, சொற்பொருள் பட்டியல், அதைப் பற்றித்தான் இந்த மடல்.

ஒரு பாடத்தில் ‘இசைந்தான் – ஒத்துக்கொண்டான்’ என்று இருந்தது. வாக்கியத்தில் அமைக்கச் சொன்னேன். ஒரு மாணவி எழுதினாள்: ‘கண்ணாடியை உடைத்ததை அம்மாவிடம் இசைந்தேன்.’ சிரிப்பு வந்தது, ஆனால் தப்பு அவளுடையது இல்லை. செய்த தப்பை ஒத்துக்கொள்வதற்கும் ஒரு யோசனைக்கு ஒத்துக்கொள்வதற்கும் பேச்சில் ஒரே சொல்தான். இரண்டில் எது இசைதல் என்று பட்டியல் சொல்லவில்லை. இன்னொருவன், ‘ஈட்டினான் – சம்பாதித்தான்’ என்பதைப் படித்துவிட்டு, ‘பொய் சொல்லிக் கெட்ட பெயர் ஈட்டினான்’ என்று எழுதினான். தேர்வில் ‘பொருள் எழுதுக’ பகுதியில் இருவருக்கும் முழு மதிப்பெண்!

இது என் வகுப்பின் கதை மட்டும் இல்லை. அகராதிப் பொருளை மட்டும் வைத்துக்கொண்டு குழந்தைகள் எழுதும் இப்படிப்பட்ட வாக்கியங்களை உளவியலாளர்கள் ஜார்ஜ் மில்லரும் பாட்ரிசியா கில்டியாவும் 1987-லேயே ஒரு கட்டுரையில் எடுத்துக் காட்டியிருக்கிறார்கள்.

அவ்வளவு தூரம்கூடப் போக வேண்டாம். தொல்காப்பியத்தின் உரியியலைத் திறந்தால் போதும். ‘வெளிப்படு சொல்லே கிளத்தல் வேண்டா’ என்கிறது. தானே விளங்கும் சொல்லை விளக்க வேண்டியதில்லை, விளங்காததற்குத்தான் விளக்கம். அதே இயலில், ‘பொருட்குப் பொருள் தெரியின் அதுவரம் பின்றே’ என்றும் வருகிறது. பொருளுக்குப் பொருள் சொல்லப் போனால் அதற்கு முடிவே இல்லை. ‘களிப்பு – உவகை’ என்று அச்சிடுகிறீர்கள். பிள்ளைக்குக் களிப்பும் தெரியாது, உவகையும் தெரியாது. ‘சந்தோஷம்’ என்று போட்டால் என்ன குறைந்துவிடும்?

சரி, எந்தச் சொற்களைக் கற்பிப்பது? ஒரு பாடத்துக்கு இருபது சொல் என்றால் யாராலும் நடத்த முடியாது, வாசித்துவிட்டு நகரத்தான் முடியும். ஐந்தாறு போதும். கல்வி ஆய்வாளர் ஐசபெல் பெக்கும் அவரோடு பணியாற்றியவர்களும் சொற்களை மூன்று அடுக்காகப் பிரித்தது எனக்கு இங்கே உதவியாக இருக்கிறது. முதல் அடுக்கு வீட்டுப் பேச்சிலேயே வந்துவிடும். மூன்றாவது, ஒளிச்சேர்க்கை மாதிரியான துறைச்சொற்கள். அவற்றை அந்தந்தப் பாடம் பார்த்துக்கொள்ளும். நடுவில் இருப்பவைதான் நம் வேலை. விளைவு, மாறாக, கருது, தவிர், நிலவு போன்றவை கதையிலும் வரும், வரலாற்றிலும் வரும், அறிவியலிலும் வரும். பேச்சில் மட்டும் அதிகம் வராது.

நீங்களோ இவற்றை விட்டுவிட்டு, செய்யுளில் ஒரே ஒருமுறை வரும் அரிய சொல்லைப் பெட்டியில் வைக்கிறீர்கள். ‘எங்கும் அமைதி நிலவியது’ என்ற வரிக்குப் படம் வரையச் சொன்னபோது ஒரு சிறுவன் பெரிய முழுநிலவு வரைந்தான். ‘நிலவியது’ உங்கள் பட்டியலில் இல்லை. எளிய சொல் என்று நினைத்திருப்பீர்கள்.

அரிய சொல் வேண்டாம் என்று சொல்லவில்லை. வாசிப்பு தடைபடாமல் ஒரு மூச்சில் பொருள் சொல்லிவிட்டுப் போய்விடலாம், அவ்வளவுதான்.

நிறைய வாசித்தால் சொல் தானாக வந்துவிடும் என்று சிலர் சொல்வார்கள். வரும், ஆனால் மெதுவாக. 20 ஆய்வுகளைத் தொகுத்து 1999-இல் வெளிவந்த ஒரு கணக்கின்படி, வாசிக்கும்போது எதிர்ப்படும் தெரியாத சொற்களில் சராசரியாக நூற்றுக்குப் பதினைந்துதான் மனதில் தங்குகின்றன. அதனால் வாசிப்பும் வேண்டும், தேர்ந்தெடுத்த சில சொற்களை நின்று நிதானமாகக் கற்பிப்பதும் வேண்டும். ‘இடம்நோக்கிப் பொருள் அறிக’ என்று சொல்லிவிட்டு விலகிக்கொள்வதும் சரியில்லை. ‘அவள் தயங்கி நின்றாள்’ என்ற வரி மட்டும் இருந்தால் பயம், சோர்வு, கோபம், எதை வேண்டுமானாலும் ஊகிக்கலாம்.

நான் இப்போது ‘இசை’ என்ற சொல்லை நடத்துவது இப்படி. கதையில் அந்த வரி வந்ததும், ‘பிறர் கேட்டதற்குச் சரி என்பது’ என்று மட்டும் சொல்லிவிட்டுக் கதையைத் தொடர்கிறேன். கதை முடிந்த பிறகு அந்த வரிக்குத் திரும்பி வந்து கேள்வி கேட்பேன். நண்பன் விளையாடக் கூப்பிட்டால் இசைவாயா? பரீட்சைக்கு முதல் நாள் கூப்பிட்டால்? ஜன்னலை உடைத்ததை இசையலாமா? கடைசிக் கேள்வியில்தான் வகுப்பு சூடுபிடிக்கும். அப்புறம் இசைவு, இசையாமை என்று சொல்லின் குடும்பத்தைப் பார்ப்போம். பாட்டு என்ற பொருளில் வரும் இசையை யாராவது கேட்காமல் இருக்க மாட்டார்கள். கேட்கட்டும், குரல்களும் ஒத்துப்போகத்தானே வேண்டும்!

இந்தக் குடும்பம் பார்ப்பது தமிழில் பெரிய வசதி. ஆள் – ஆட்சி, காண் – காட்சி என்று இரண்டைப் பலகையில் எழுதினால், மீள் – மீட்சி, நீள் – நீட்சி என்பதைப் பிள்ளைகளே கண்டுபிடித்துவிடுகிறார்கள். ஒரு சொல்லுக்குச் செலவழித்த நேரத்தில் நாலு சொல் கிடைக்கிறது. உங்கள் பயிற்சிகளில் இதற்கு இடமே இல்லை.

மறுநாள் புத்தகத்தை மூடிவைத்து இரண்டு நிமிடம் அதே சொற்களைக் கேட்பேன். அடுத்த வாரம் இன்னொரு முறை. இதை நானே செய்துகொள்கிறேன். ஆனால் மூன்றாம் பாடத்தில் கற்ற சொல் ஏழாம் பாடத்தின் உரைநடையில் மறுபடி வரவேண்டும் என்றால் அது உங்கள் கையில்தான் இருக்கிறது. இப்போது ஒரு பாடத்தில் வந்த சொல் பெரும்பாலும் அந்தப் பாடத்தோடே போய்விடுகிறது.

நான் கேட்பது பெரிதாக ஒன்றும் இல்லை. அடுத்த பதிப்பில் இரண்டு பாடங்களை மட்டும் இப்படி அமைத்துப் பாருங்கள். பெட்டியில் ஆறு சொல் போதும், பொருள் பேச்சு வழக்கில் இருக்கட்டும். ‘பொருள் எழுதுக’ என்பதை எடுத்துவிட்டு, ‘எந்த வாக்கியத்தில் இந்தச் சொல் பொருந்தவில்லை, ஏன்?’ என்று கேளுங்கள். முதல் பாடத்தின் ஆறு சொற்களும் இரண்டாம் பாடத்தில் ஓரிடத்திலாவது தலைகாட்டட்டும். முன்வரைவை அனுப்பினால் என் வகுப்பில் நடத்திவிட்டு, பிள்ளைகள் எழுதும் வாக்கியங்களைத் திருத்தாமல் அப்படியே அனுப்பி வைக்கிறேன்.

இப்படிக்கு,
ஒரு மொழி ஆசிரியர்