புதுக் குழலும் தோசைக்கல்லும்

அன்பு மாப்ளே,

உன் கடிதம் போன வாரம் கிடைத்தது. அம்மாவின் கண் ஆபரேஷன் நல்லபடியாக முடிந்தது என்று படித்த பிறகுதான் மனசு ஆறியது. சொட்டு மருந்தை மட்டும் வேளை தவறாமல் போடச் சொல்.

இங்கே டெக்சாஸில் வெயில் தணிந்துவிட்டது. என் ரைபிளின் பழைய குழல் தேய்ந்துபோனதால் புதுசு மாட்டினேன். 6.5 க்ரீட்மோர் என்ற தோட்டாவுக்கானது, ஸ்டெயின்லெஸ் ஸ்டீல், உள்பக்கம் கையால் மெருகு போட்டது. "புதுக் குழலைப் பழக்குவது தோசைக்கல்லைப் பழக்குவது மாதிரிதானா?" என்று கேட்டிருந்தாய். அந்தக் கேள்வியிலேயே பாதி விஷயம் இருக்கிறது.

என்.சி.சி.யில் நாம் சுட்ட பாயிண்ட் டூ டூ ரைபிளுக்கு அது பொருந்தும். அதில் வெறும் ஈயக் குண்டு, மேலே மெழுகுப் பூச்சு. சுடச் சுட அந்த மெழுகு குழலுக்குள் மெல்லிய படலமாகப் படியும். அப்புறம்தான் குண்டுகள் ஒரே இடத்தில் சேரும். பளிச்சென்று துடைத்த குழலில் முதல் சில குண்டுகள் சிதறத்தான் செய்யும்.

என் ரைபிளில் நேர் எதிர். குண்டுக்குச் செம்பு உறை. மெருகு போடுவது குழலின் நீளவாக்கில். தோட்டா உட்காரும் அறையான சேம்பரைக் குடையும் ரீமரோ சுற்றிச் சுற்றி வருவது. அதனால் சேம்பர் முடிந்து, குண்டைச் சுழலவைக்கும் புரி தொடங்குகிற தொண்டைப் பகுதியில் குறுக்குவாட்டில் நுண்ணிய கீறல்கள் நின்றுவிடும். குண்டு அவற்றைக் கடக்கும்போது அரத்தில் தேய்த்த மாதிரி செம்பு சுரண்டப்படுகிறது. வெடிமருந்தின் சூட்டில் அது ஆவியாகி, முன்னால் போய்க் குழலில் ஒட்டுகிறது. ஒட்டிய செம்பு மேலும் செம்பை இழுக்கும். ஆகவே அந்தக் கீறல்கள் மழுங்கும் வரை ஒரு குண்டு சுட்டு, உடனே துடைத்து, அடுத்ததைச் சுட வேண்டும். க்ரீகர் குழல் கம்பெனி தரும் விளக்கம் இதுதான். குழல் செய்வதில் பேர்பெற்ற கேல் மெக்மில்லன் இதை ஒப்புக்கொள்ளவே இல்லை. இப்படிச் சுட்டுக் குழலின் ஆயுளைக் குறைப்பது குழல் விற்பவனுக்குத்தான் லாபம் என்றார். எனக்கு இரண்டிலும் நியாயம் தெரிகிறது. அதனால் இத்தனை குண்டு என்று எண்ணிக்கை வைத்துக்கொள்ளவில்லை. துணியைப் பார்த்தே முடிவு செய்தேன்.

முதல் குண்டு சுட்டு, குழலின் பின்பக்கத்தை அடைக்கும் போல்ட்டைக் கழற்றி, செம்பைக் கரைத்து நீலம் காட்டும் அமோனியா கலந்த மருந்தில் நனைத்த துணித்துண்டைத் தள்ளி, கொஞ்ச நேரம் விட்டேன். அடுத்த துணி மயில்கழுத்து நிறத்தில் வெளியே வந்தது. ஆறாவது குண்டுக்கு வெளிர் நீலம். பத்தாவதிலும் அந்த நீலம் போகவில்லை. குழலே சரியில்லையோ என்று வயிறு கலங்கிவிட்டது. அப்புறம்தான் கவனித்தேன், துடைக்கும் கம்பியின் நுனியில் துணியைப் பிடிக்கிற முனை, செம்பு கலந்த பித்தளை. மருந்து அதைத்தான் கரைத்து நீலம் காட்டியிருக்கிறது. நைலான் முனை மாட்டியதும் துணி வெள்ளையாக வந்தது. அன்றைக்கே குழலைப் பழக்குவதை நிறுத்திவிட்டேன்.

சுட்டுக் கெடுவதைவிடத் துடைத்துக் கெடும் குழல்தான் அதிகம் என்பது என் எண்ணம். கம்பியை எப்போதும் சேம்பர் பக்கமிருந்து, அது சாயாமல் பிடிக்கும் கைடு வைத்துத்தான் விடுகிறேன். என்.சி.சி.யில் குழல் துடைக்கும் புல்த்ரூ கயிற்றில் ஃபிளானல் துணியைக் கோர்த்து நாம் இழுக்கும்போது, "நேரா இழுடா!" என்று ஹவில்தார் அதட்டுவாரே, நினைவிருக்கிறதா? சாய்த்து இழுத்தால் கயிறு குழல்வாயின் விளிம்பை மெல்ல மெல்ல அறுத்துவிடும். குண்டு கடைசியாகத் தொட்டுவிட்டுப் போகும் இடம் அது. அங்கே ஒரு பக்கம் தேய்ந்தால் குறி போச்சு. அவர் ஏன் அவ்வளவு கோபப்பட்டார் என்று இப்போது புரிகிறது.

இதுவரை நாற்பது குண்டு ஆகியிருக்கிறது. புதுக் குழலில் முதல் நூறு, நூற்றைம்பது வரை குண்டின் வேகம் ஏறிக்கொண்டே போவது உண்டு. அதனால் தோட்டாவில் போடும் வெடிமருந்தின் அளவை இன்னும் முடிவு செய்யவில்லை. நவம்பரில் மான் வேட்டை தொடங்குகிறது. அதற்குள் வேகம் நிலைத்துவிட்டால் குறிப்பலகைத் தாளை மடித்து அடுத்த கடிதத்தோடு அனுப்புகிறேன்.

அம்மாவுக்கு என் வணக்கம்.

உன் பழைய கூட்டாளி