கழுத்துத் தமனிக் கிழிசலும் உறைவு கரைக்கும் ஊசியும்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். பக்கவாதம் தாக்கியவரை நாலரை மணி நேரத்துக்குள் மருத்துவமனைக்குக் கொண்டுவந்துவிட்டால் ரத்த உறைவைக் கரைக்கும் ஊசி போட முடியும் என்ற செய்தி இன்று ஓரளவு மக்களைச் சென்று சேர்ந்திருக்கிறது. அதில் தமிழ் நாளிதழ்களுக்குப் பெரும் பங்கு உண்டு. ஆனால், கழுத்துத் தமனியின் உட்சுவர் கிழிந்து அதன் விளைவாகப் பக்கவாதம் வந்தவருக்கும் இதே ஊசியைப் போடலாம் என்பது போதிய அளவு பேசப்படவில்லை. நரம்பியல் மருத்துவராகப் பணியாற்றி ஓய்வுபெற்றவன் என்ற முறையில் இதைப் பற்றிச் சில விளக்கங்களை வாசகர்கள் முன் வைக்க விரும்புகிறேன்.

மூளைக்கு ரத்தம் கொண்டுசெல்லும் பெரிய தமனிகள் நான்கு. கழுத்தின் முன்பகுதியில் இருபுறமும் கரோட்டிட் தமனிகளும், பின்பகுதியில் கழுத்தெலும்புகளின் துளைகள் வழியே ஏறிச் செல்லும் வெர்டிப்ரல் தமனிகளும் உள்ளன. இவற்றின் சுவரில் உள்ளடுக்கு கிழியும்போது ரத்தம் அடுக்குகளுக்கு இடையே புகுந்து தேங்கி, குழாயின் வழியைக் குறுக்கிவிடுகிறது. கிழிந்த இடத்தில் உறைவு உண்டாகி, அதிலிருந்து பிய்ந்த துணுக்கு மேலேறி மூளையின் தமனி ஒன்றை அடைக்கிறது. அடைப்பினால் வரும் பக்கவாதங்களில் இதன் பங்கு ஏறத்தாழ 2 சதவீதம்தான். ஆனால் 50 வயதுக்கு உட்பட்டவர்களை மட்டும் எடுத்துக்கொண்டால் ஐந்தில் ஒரு பங்கு வரை இதுவே காரணமாக இருக்கிறது. பிள்ளைகள் பள்ளிக்கூடம் போய்க்கொண்டிருக்கும் வயதில், சர்க்கரையோ ரத்தக்கொதிப்போ இல்லாத ஒருவருக்குக் கைகால் விழுந்துவிடுகிறது என்றால், அந்தக் குடும்பத்தின் நிலையை விவரிக்க வேண்டியதில்லை.

இங்கேதான் தயக்கம் குறுக்கே வருகிறது. ‘ரத்தக்குழாய் கிழிந்திருக்கிறது’ என்று மருத்துவர் சொன்ன உடனேயே, கிழிந்த குழாயில் உறைவைக் கரைக்கும் மருந்தைச் செலுத்தினால் அது வெடித்து ரத்தம் கொட்டாதா என்று உறவினர்கள் அஞ்சுகிறார்கள். அந்த அச்சம் இயல்பானது. சுவருக்குள் தேங்கிய ரத்தம் இம்மருந்தால் பெருகிக் குழாயை முழுதாக அடைத்துவிடுமோ என்ற ஐயம் மருத்துவர்களுக்கும் ஒரு காலத்தில் இருந்தது. ஆனால் கழுத்துப் பகுதியில் ஏற்படும் கிழிசலில் ரத்தம் பெரும்பாலும் குழாயின் சுவருக்குள்ளேயே நிற்கிறது, மூளைக்குள் கசிவதில்லை. மூளையைக் கொல்வது அந்தத் தேக்கம் அல்ல, மேலே போய் அடைத்துக்கொண்ட உறைவு. மருந்து கரைக்க வேண்டியதும் அதைத்தான்.

ஆய்வுகளும் இதையே காட்டுகின்றன. தமனிக் கிழிசலால் பக்கவாதம் வந்து இந்த ஊசி பெற்ற 180 நோயாளிகளின் விவரங்களை ஒன்றுசேர்த்து 2011இல் வெளியிட்ட ஆய்வில், மூளையில் ரத்தக்கசிவு ஏற்பட்டவர்களின் விகிதம், பிற காரணங்களால் பக்கவாதம் வந்து ஊசி பெற்றவர்களின் விகிதத்தை ஒட்டியே இருந்தது. பின்னர் 16 நாடுகளைச் சேர்ந்த 4,000க்கும் மேற்பட்ட கிழிசல் நோயாளிகளைத் தொகுத்த ஆய்விலும், ஊசி பெற்றவர்கள் பிறர் உதவியின்றி வாழும் நிலைக்குத் திரும்பும் வாய்ப்பு கூடியிருந்தது, ரத்தக்கசிவு கூடவில்லை. இவை, ஒரு பாதியினருக்கு மருந்து கொடுத்து மறுபாதியினருக்குக் கொடுக்காமல் ஒப்பிட்ட சோதனைகள் அல்ல என்பதையும் நேர்மையாகச் சொல்ல வேண்டும். ஆயினும் அமெரிக்கப் பக்கவாதச் சங்கத்தின் வழிகாட்டு நெறிகளும், 2021இல் ஐரோப்பியப் பக்கவாத அமைப்பு வெளியிட்ட நெறிகளும், கழுத்துத் தமனிக் கிழிசல் இருக்கிறது என்பதற்காக மட்டும் நாலரை மணி நேரத்துக்குள் வந்த நோயாளிக்கு இந்தச் சிகிச்சையை மறுக்க வேண்டியதில்லை என்ற நிலையையே எடுத்திருக்கின்றன.

விலக்குகள் உண்டு. இதயத்திலிருந்து புறப்படும் மகாதமனியே கிழிந்து அது கழுத்துவரை பரவியிருந்தால் இந்த ஊசி கூடாது. மண்டையோட்டுக்குள் இருக்கும் தமனி கிழிந்திருந்தால், அங்கே சுவர் மெல்லியதாக இருப்பதால் மூளையைச் சுற்றி ரத்தம் கசியக்கூடும் என்பதை எண்ணி, நோயாளிக்கு நோயாளி ஆராய்ந்தே முடிவெடுக்க வேண்டும். எந்தக் காரணத்தால் வந்த பக்கவாதமானாலும் இந்த ஊசிக்கு மூளை ரத்தக்கசிவு என்ற அபாயம் ஓரளவு இருக்கவே செய்கிறது; அதை மறைக்காமல் உறவினர்களிடம் சொல்லித்தான் சம்மதம் பெற வேண்டும்.

மருத்துவ நண்பர்களுக்கு நான் வலியுறுத்த விரும்புவது நேரத்தைப் பற்றியது. மூளையில் ரத்தக்கசிவு இல்லை என்று சாதாரண சி.டி. ஸ்கேன் காட்டி, வேறு தடைகளும் இல்லையென்றால், கழுத்துத் தமனியின் கிழிசலை ஆஞ்சியோகிராமில் உறுதி செய்த பிறகுதான் ஊசி என்று காத்திருக்கத் தேவையில்லை. செலுத்தும் உறைவு கரைக்கும் மருந்து ஆல்டிப்ளேஸ் என்றால் நோயாளியின் எடையில் கிலோவுக்கு 0.9 மில்லிகிராம், உச்ச அளவு 90 மில்லிகிராம். அதில் பத்தில் ஒரு பங்கை உடனடியாகவும் மீதியை ஒரு மணி நேரத்திலும் செலுத்துகிறோம். அதே வகையைச் சேர்ந்த டெனெக்டிப்ளேஸ் என்ற மருந்து ஒரே தவணையில் முடிந்துவிடும். ஆஸ்பிரின் போன்ற மருந்துகளைப் பொதுவாக 24 மணி நேரம் கழித்து, மறு ஸ்கேன் பார்த்துவிட்டுத் தொடங்கலாம். பெரிய தமனி அடைபட்டிருந்தால் குழாய் செலுத்தி உறைவை வெளியே எடுக்கும் வசதியுள்ள இடத்துக்கு நோயாளியை அனுப்ப வேண்டும். அதற்காகவும் ஊசியைத் தள்ளிப்போடக் கூடாது.

வீட்டில் இருப்பவர்கள் கவனிக்க வேண்டியதும் ஒன்று உண்டு. இந்தக் கிழிசல் பல நேரங்களில் முன்கூட்டியே அறிகுறி காட்டுகிறது: இதுவரை வந்திராத வகையில் கழுத்தின் ஒரு பக்கத்திலோ பின்மண்டையிலோ கடும் வலி, ஒரு கண்ணிமை தொங்கி அந்தக் கண்ணின் பாவை சுருங்குதல், நாடித்துடிப்புக்கு ஏற்பக் காதில் இரைச்சல். இதைச் சுளுக்கு என்று எண்ணித் தைலம் தேய்த்துக்கொண்டிருக்கும்போதே, சில மணி நேரத்திலோ சில நாட்களிலோ வாய் கோணுதல், பேச்சுக் குழறுதல், தள்ளாட்டம் என்று பக்கவாதம் வந்துவிடலாம். அப்போது 108 ஆம்புலன்ஸை அழைத்து, கழுத்து வலி எப்போது தொடங்கியது, அதற்குமுன் கழுத்தில் அடியோ திருகலோ ஏற்பட்டதா என்பதையும் மருத்துவரிடம் சொல்லுங்கள்.

சலூன்களில் முடி வெட்டி முடித்ததும் தலையைப் பிடித்துச் சட்டென்று திருப்பி நெட்டி எடுக்கும் வழக்கம் நம் ஊர்களில் இன்றும் இருக்கிறது. அதனால் எல்லோருக்கும் கிழிசல் வந்துவிடுவதில்லை. ஆனால் இப்படித் திருகிய பிறகு வெர்டிப்ரல் தமனி கிழிந்து பக்கவாதம் வந்த நோயாளிகளைப் பற்றி மருத்துவ இதழ்கள் பதிவு செய்திருக்கின்றன. முடிதிருத்தும் தொழிலாளர் சங்கங்களும் சுகாதாரத் துறையும் சேர்ந்து இந்த வழக்கத்தைக் கைவிடச் செய்ய வேண்டும் என்றும், பக்கவாதம் பற்றித் தாங்கள் வெளியிடும் கட்டுரைகளில் இளம் வயதினரின் கழுத்து வலியைப் பற்றியும் இரண்டு வரி சேர்க்க வேண்டும் என்றும் கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற நரம்பியல் மருத்துவர்,
திருச்சி.