நவம்பர் முடிந்ததும் வருகிறோம்

அன்பு மகளுக்கு,

இங்கே எல்லோரும் நலம். அம்மாவின் முழங்கால் வலி பரவாயில்லை. அக்டோபரிலேயே மெல்போர்னுக்கு வந்துவிடுங்கள், டிக்கெட் போடுகிறேன் என்றாய். பேத்தியைப் பார்க்க எங்களுக்கும் ஆசைதான். ஆனால் நவம்பரில் பொன்மலையை விட்டு நகர முடியாது அம்மாடி. போனில் சொன்னால் "இந்த வயசுல ஏம்பா அலையறீங்க" என்று பாதியிலேயே முடித்துவிடுவாய். அதனால்தான் எழுதுகிறேன்.

ரயில்வே பென்ஷன்காரர்கள் நவம்பர் முடிவதற்குள், உயிரோடு இருக்கிறோம் என்று உயிர்ச்சான்று கொடுக்க வேண்டும். எண்பது தாண்டியவர்கள் அக்டோபர் 1 முதலே கொடுக்கலாம். தவறினால் பென்ஷன் நின்றுவிடும். பிறகு கொடுத்தால் பாக்கியோடு வந்துவிடும், சரி. அதுவரை மருந்துக் கடைக்கு என்ன செய்வது? 1928-ல் நாகப்பட்டினத்திலிருந்து ரயில்வே ஒர்க்‌ஷாப் இங்கே வந்ததிலிருந்து இது ரயில்வேக்காரர்கள் ஊர். தெருவுக்குத் தெரு பென்ஷன் வீடுதான். பல வீடுகளில் கணவர் போய்விட்டார். குடும்ப பென்ஷனில் அந்த அம்மா மட்டும் தனியாக இருக்கிறார்.

கைரேகை வைத்து டிஜிட்டலாகக் கொடுக்கும் முறை 2014-லேயே வந்துவிட்டது. ஆனால் வேலைக்காலம் முழுக்க அரம் பிடித்த பிட்டர் விரலில் ரேகை எங்கே இருக்கிறது? காலமெல்லாம் பாத்திரம் தேய்த்த விரலும் அப்படித்தான். 2021-ல் போனில் முகத்தைக் காட்டினால் போதும் என்று வந்தது. ஒரே போனில் எத்தனை பேருக்கும் செய்யலாம். அதற்கப்புறம்தான் ரிட்டையர்டான நாங்கள் சிலர் சேர்ந்து இதைச் செய்து கொடுக்க வீடு வீடாகப் போக ஆரம்பித்தோம்.

போன வருஷம் பின்தெரு பாட்டி வீட்டுக்கு அம்மாவும் நானும் போனோம். எண்பத்து நாலு வயது. படம் என்றதும் முகம் கழுவி, திருநீறு இட்டு, ஜன்னலோரம் நாற்காலியில் நிமிர்ந்து உட்கார்ந்தார். கண்ணைச் சிமிட்டச் சொன்னால் சிமிட்ட மாட்டேன் என்கிறார். அந்தக் காலத்து ஸ்டுடியோவில் அப்படித்தான் சொல்லி வைத்திருக்கிறார்கள். அம்மா எதிரே உட்கார்ந்து தானும் சிமிட்டிச் சிமிட்டிக் காட்டின பிறகுதான் வேலை முடிந்தது. மெசேஜ் வந்ததும், "நான் இருக்கேன்னு அவங்களுக்குத் தெரிஞ்சுடுச்சா?" என்று கேட்டார். அப்புறம் காபி குடிக்காமல் விடவில்லை. மகன் துபாயில் இருப்பதையும் மருமகள் சமையலையும் ஒரு மணி நேரம் பேசினார்.

எழுபது ரூபாய் கொடுத்தால் தபால்காரரே வீட்டுக்கு வந்து செய்து கொடுப்பார். நல்ல ஏற்பாடுதான், நாங்களே பலருக்குச் சொல்லிவிடுகிறோம். ஆனால் உயிர்ச்சான்று என்று சொல்லியே போன் பண்ணி ஓடிபி கேட்டுப் பணத்தைச் சுருட்டும் கூட்டமும் இருக்கிறது. அந்தப் பயத்தில் கதவையே திறக்காதவர்கள் உண்டு. கூட வேலை பார்த்தவன், ஒரே வயசுக்காரன் வந்து நின்றால்தான் பாஸ்புக்கை எடுப்பார்கள். அதனால் நாங்களும் கண்டிப்பாக இருக்கிறோம். எப்போதும் இரண்டு பேராகத்தான் போவோம். தனியாக இருக்கும் பெண்கள் வீடு என்றால் அதில் ஒருவர் பெண்ணாக இருப்பார். ஓடிபியை போனில் கேட்பதே கிடையாது. காசு வாங்குவதில்லை.

இதை இளவட்டப் பசங்களிடம் விடலாமே என்றாய். போனை எங்களைவிட வேகமாகத் தட்டுவார்கள், சந்தேகமில்லை. ஆனால் பி.பி.ஓ. என்கிற பென்ஷன் உத்தரவுப் புத்தகத்தை எந்தப் பெட்டியில் வைத்தோம் என்று ஒருவர் அரை மணி நேரம் தேடும்போது பொறுமையாக உட்கார்ந்திருக்க எங்களுக்குத்தான் நேரம் இருக்கிறது. நாளைக்கு அம்மாவோ நானோ தனியாக இருக்க நேர்ந்தால், இதே போல ஒருவர் வந்து உட்கார வேண்டும் என்றுதான் நான் விரும்புவேன்.

டிசம்பர் இரண்டாவது வாரத்துக்கு டிக்கெட் போடு. மாப்பிள்ளையின் பழைய போன் சும்மா கிடந்தால், முன்பக்க கேமரா நன்றாக இருக்கிறதா என்று பார்த்து, யாராவது ஊருக்கு வரும்போது கொடுத்தனுப்பு. இங்கே ஒரு போன் குறைகிறது.

அன்புடன்,
அப்பா