பதின்மூன்று கிராம்

அன்புள்ள சுமதி,

கடிதம் கிடைத்தது. முக்கால்வாசி உன் பையன் சாப்பாட்டைப் பற்றிய புலம்பல்தான், உன்னைப் பற்றி ஒரு வரி இல்லை. இங்கே எல்லாரும் சுகம். சின்னவள் பள்ளிக்கூடம் போக ஆரம்பித்துவிட்டாள். காலையில் வீடு அமைதியாகிவிடுகிறது, எனக்குத்தான் இன்னும் பழகவில்லை. சரி, கறி, மீன் சாப்பிடாத பையனுக்குப் புரதம் போதுமா என்ற உன் கவலைக்கு வருகிறேன்.

ஒன்று முதல் மூன்று வயது வரை ஒரு நாளைக்கு வேண்டிய புரதம் சுமார் 13 கிராம்தான். 200 மில்லி பாலிலேயே ஆறு கிராமுக்கு மேல் இருக்கிறது, ஒரு முட்டையில் இன்னொரு ஆறு. மீதி தயிரிலோ பருப்பிலோ இரண்டு மூன்று வாயில் வந்துவிடும். கறி, மீனைத் துப்புகிறான் என்பதற்காக நீ ராத்திரி தூங்காமல் இருக்க வேண்டியதில்லை. அந்தப் புரோட்டீன் பவுடர் டப்பாவும் வேண்டாம், அதன் ருசியே பெரும்பாலும் இனிப்புதான்.

என்னை யோசிக்க வைத்தது வேறு. ஒரு நாளைக்கு நாலு டம்ளர் பால் குடிக்கிறான் என்று பெருமையாக எழுதியிருக்கிறாயே, அதுதான். அத்தனை பாலும் வயிற்றை நிரப்பிவிட்டால் சாப்பாட்டுக்கு இடம் ஏது? பாலில் இரும்புச்சத்து மிகக் குறைவு, அதிலுள்ள கால்சியம் மற்ற உணவின் இரும்பையும் உடம்பில் சரியாகச் சேரவிடாது. இந்த வயதில் ரத்தசோகை பல குழந்தைகளுக்கு இப்படித்தான் வருகிறது. அரை லிட்டருக்குள் குறைத்துப் பார். சாப்பாட்டுக்கு முன்னால் கொடுக்கவே கொடுக்காதே. பருப்பு, பயறு கொடுக்கும்போது கூடவே புளிப்பான பழம் ஏதாவது வை, இரும்பு நன்றாகச் சேரும். நிலக்கடலையை விழுதாக அரைத்து மெல்லியதாகத் தடவிக் கொடுக்கலாம். முழுக் கடலை மட்டும் ஐந்து வயது வரை வேண்டாம், தொண்டையில் அடைத்துக்கொள்ளும்.

‘கைக்குழந்தையில் நன்றாகச் சாப்பிட்டானே’ என்று கேட்டிருந்தாய். முதல் வருடத்தில் எடை மூன்று மடங்காகிறது, இரண்டாம் வருடம் முழுக்கச் சேர்வது இரண்டு, இரண்டரை கிலோதான். பசியும் அதற்கேற்பக் குறையாதா? அதோடு, புதிதாக எதைக் கண்டாலும் முகத்தைத் திருப்புகிற வயது இது. ஒரே பண்டத்தைப் பத்துப் பதினைந்து தடவை தட்டில் பார்த்த பிறகுதான் சில பிள்ளைகள் தொட்டே பார்க்கும். கொஞ்சமாக வை, தொடாவிட்டால் பேசாமல் எடுத்துவிடு. என்ன, எப்போது என்பது உன் பாடு. எவ்வளவு என்பது அவன் பாடு. போனைக் காட்டி ஊட்டுவது எனக்குக் கொஞ்சமும் பிடிக்காது, நீ கோபித்துக்கொண்டாலும் சரி.

எடை ஏறாமல் நின்றாலோ, வெளிறிப்போய்ச் சோர்ந்திருந்தாலோ, விழுங்கும்போது திணறினாலோ, சாப்பிட்டுக்கொண்டிருந்த பண்டங்களையும் ஒவ்வொன்றாக விட்டுக்கொண்டே வந்தாலோ தாமதிக்காமல் மருத்துவரிடம் காட்டு. இவை எதுவும் இல்லையென்றால், பிள்ளை இளைத்துவிட்டான் என்று வீட்டில் யார் சொன்னாலும் தடுப்பூசி அட்டையில் குறித்த எடையை எடுத்து நீட்டு. அப்புறம் அவர்கள் பாடு.

அன்புடன்,
மாலதி