கைதவறினால் அலட்சியமா?

ஆசிரியர் அவர்களுக்கு,

மாற்றுத்திறனாளிகள் வேலைவாய்ப்பு என்றாலே சாய்தளம், சக்கர நாற்காலியோடு பேச்சு முடிந்துவிடுகிறது. எனக்கு இருக்கும் டிஸ்பிராக்சியா, அதாவது உடல் அசைவுகளை ஒருங்கிணைப்பதில் உள்ள குறைபாடு, வெளியே தெரியாது. நினைக்கிற வேகத்துக்குக் கை ஒத்துழைக்காது, பொருள் கைதவறும், வாய்வழியாக நாலு வேலையை அடுக்கிச் சொன்னால் இரண்டாவதிலேயே வரிசை குழம்பும், உடனே 'பொறுப்பில்லாத ஆள்' என்று முத்திரை குத்திவிடுவார்கள்.

2016 மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டத்தின் அட்டவணையில், குறிப்பிட்ட கற்றல் குறைபாடுகளில் ஒன்றாக இதன் பெயரும் இருக்கிறது. அரசு வேலையின் 4 சதவீத ஒதுக்கீட்டில் 1 சதவீதத்தை ஆட்டிசம், மனநோய் உள்ளவர்களோடு சேர்ந்து பங்குபோட வேண்டும், அது வேறு கதை. தனியார் நிறுவனங்களும் சம வாய்ப்புக் கொள்கை வெளியிட வேண்டும் என்று அதே சட்டத்தின் 21-வது பிரிவு சொல்கிறது. நேர்முகத் தேர்வுகளில் கேட்டால் முழிக்கிறார்கள். நான் கேட்பது இவ்வளவுதான்: செய்ய வேண்டிய வேலைகளை வாயால் சொல்லாமல் எழுதிக் கொடுங்கள், பழக ஒரு மாதம் கூடுதலாகக் கொடுங்கள். இதற்குப் பெரிய செலவா ஆகும்?

– ஒரு வாசகர், சென்னை