விக்கி மென்பொருள் மாற்றத்தில் அழிந்த தோற்ற அமைப்பையும் பிளக்இன்னையும் மீட்டுத் தருவது குறித்து

அனுப்புநர்: தங்கள் வாடிக்கையாளர், அல்சூர், பெங்களூரு.

பெறுநர்: மேலாளர், வாடிக்கையாளர் சேவைப் பிரிவு.

மதிப்பிற்குரிய ஐயா,

ஞாயிறுதோறும் என் வீட்டில் பிள்ளைகளுக்குத் தமிழ் சொல்லிக்கொடுத்து வருகிறேன். அதற்கான பாடக்குறிப்புகளை ஆறு ஆண்டுகளாகத் தங்கள் சர்வரில் டோக்குவிக்கி என்னும் விக்கி மென்பொருளில் தொகுத்து வைத்திருக்கிறேன். கடந்த 9ஆம் தேதி இரவு, முன்னறிவிப்பு எதுவும் இன்றி, அந்த மென்பொருளைப் புதிய பதிப்புக்கு மாற்றியிருக்கிறீர்கள்.

மறுநாள் வகுப்பில் பக்கத்தைத் திறந்தபோது என் எழுத்துருவும் வரி இடைவெளியும் போயிருந்தன. ஆங்கிலத்துக்குப் போதுமான இடைவெளி தமிழுக்குப் போதாது. மேல்வரியின் உகர வளைவு கீழ்வரியின் மேல்விலங்கை (எழுத்தின் மேல் வரும் இகர, ஈகாரக் குறியை) முட்டிக்கொண்டு நிற்கும். அப்படி நின்றதில் சுழி தெரியாமல், ஒரு சிறுமி ‘மீன்’ என்பதை ‘மின்’ என்று வாசித்தாள். குறள் வெண்பாவின் முதலடி நான்கு சீர், இரண்டாமடி மூன்று சீர் என்று பிரித்துக் காட்டுவதற்காக நானே எழுதிய பிளக்இன்னும் (மென்பொருளோடு சேர்க்கும் சிறு துணைநிரல்) இல்லை. டோக்குவிக்கி தனி வரிமுறிவைப் பொருட்படுத்தாது என்பதால், ஏழு சீரும் உரைநடைபோல ஒரே ஓட்டமாகக் கிடந்தன.

இதைத் தெரிவித்தபோது, "வாடிக்கையாளர் செய்துகொண்ட மாற்றங்களுக்கு நாங்கள் பொறுப்பல்ல" என்று ஒரு வரியில் பதில் வந்தது. இதை என்னால் ஏற்க இயலாது. பக்கத்தின் தோற்றத்தைத் தீர்மானிக்கும் டெம்ப்ளேட்டின் உள்ளே கைவைத்து நான் எதையும் திருத்தவில்லை. வடிவ விதிகளை, அமைப்புகள் இருக்கும் கான்ஃப் கோப்புறையில், பயனருக்கென்றே ஒதுக்கப்பட்ட யூசர்ஸ்டைல் கோப்பில்தான் எழுதியிருந்தேன். புதிய பதிப்பைப் பழையதன் மேல் விரித்தால் அந்தக் கோப்போ, நாமாகச் சேர்த்த பிளக்இன்னோ அழியாது. ஆகவே தங்கள் ஊழியர்கள் பழைய நிறுவலை முழுவதுமாக நீக்கிவிட்டு, பக்கங்கள் உள்ள டேட்டா கோப்புறையை மட்டும் திரும்ப வைத்திருக்க வேண்டும் என்றே கருதுகிறேன். பக்கங்கள் பிழைத்ததில் எனக்கு ஆறுதல்தான். ஆனால் அவற்றைப் பிள்ளைகள் படிக்கும்படி ஆக்கிய உழைப்பு போய்விட்டது.

தாங்கள் நாள்தோறும் பேக்கப் எடுப்பதாக ஒப்பந்தத்தில் உள்ளது. 9ஆம் தேதிக்கு முந்தைய பேக்கப்பிலிருந்து கான்ஃப் கோப்புறையையும் பிளக்இன்கள் கோப்புறையையும் ஏழு நாட்களுக்குள் மீட்டுத் தரவும், இனி எந்தப் பதிப்பு மாற்றத்துக்கும் குறைந்தது ஒரு வாரம் முன்னதாக மின்னஞ்சலில் தெரிவிக்கவும் கேட்டுக்கொள்கிறேன். அந்த பேக்கப் தங்களிடம் இல்லையெனில், அதையும் எழுத்து மூலமாகவே தெரிவிக்க வேண்டுகிறேன்.

இப்படிக்கு,
தங்கள் வாடிக்கையாளர்